மாசசூசெட்ஸில் குளிர்காலக் காய்கறிப் பங்கு: சேரும் முன் எல்லோரும் கேட்பவை

செப்டம்பர் பிறந்தால் போதும், மேற்கு மாசசூசெட்ஸில் இருக்கும் நம்மவர்கள் ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். பண்ணையில் ‘வின்டர் ஷேர்’ எடுக்கிறீர்களாமே, அது என்ன, எவ்வளவு ஆகும், நம் சமையலுக்கு ஒத்து வருமா என்று. நாங்கள் கனெக்டிகட் ஆற்றை ஒட்டிய ஒரு பண்ணையில் ஏழு குளிர்காலமாகப் பங்கு எடுக்கிறோம். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லிவந்ததை இங்கே சேர்த்து எழுதிவைக்கிறேன்.

இந்தப் பங்கு என்பது உண்மையில் என்ன?

ஒரு பண்ணையின் விளைச்சலில் உங்களுக்கென்று ஒரு பாகத்தை முன்பணம் கட்டி எடுத்துக்கொள்வது. பணத்தை முதலில் கொடுத்துவிடுகிறீர்கள், அப்புறம் குறித்த நாட்களில் போய், அன்றைக்குப் பண்ணையில் என்ன இருக்கிறதோ அதில் உங்கள் பாகத்தை வாங்கி வருகிறீர்கள். கோடைப் பங்கு ஜூனில் தொடங்கி அக்டோபரில் முடியும். குளிர்காலப் பங்கு அது முடிந்தபின், பெரும்பாலும் நவம்பரிலிருந்து ஜனவரி அல்லது பிப்ரவரி வரை.

இங்கே இதை சி.எஸ்.ஏ. (கம்யூனிட்டி சப்போர்ட்டட் அக்ரிகல்ச்சர், ஊரார் தாங்கும் விவசாயம்) என்பார்கள். இந்தப் பெயரில் அமெரிக்காவில் இது 1980களின் நடுவில் தொடங்கியது, முதலில் தொடங்கிய இரண்டு பண்ணைகளில் ஒன்று நம் மாநிலத்திலேயே. சவுத் எக்ரமான்ட் ஊரில் ராபின் வான் என் என்பவர் நடத்திய இந்தியன் லைன் பண்ணையும், நியூ ஹாம்ப்ஷயரில் டெம்பிள்-வில்டன் பண்ணையும்தான் அந்த இரண்டு. ஜப்பானில் ‘தெய்கெய்’ என்ற பெயரில் இதற்கு முன்பே இருந்தது. அலபாமாவின் டஸ்கீகியில் பேராசிரியராக இருந்த புக்கர் வாட்லி என்ற கறுப்பின வேளாண் அறிஞரும், சிறு விவசாயி தன் வாடிக்கையாளர்களை உறுப்பினர்களாகச் சேர்த்து முன்பணம் வாங்கிப் பிழைக்க முடியும் என்று அந்த இரண்டு பண்ணைகளுக்கும் முன்னாலேயே சொல்லிவந்தார். அவர் பெயர் அதிகம் பேசப்படுவதில்லை என்பதால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

வெளியே ஒரு அடி பனி கிடக்கிறதே, காய் எங்கிருந்து வருகிறது?

பெரும்பகுதி வயலிலிருந்து எப்போதோ வந்து சேமிப்பில் இருப்பது. பூண்டு போன வருஷ அக்டோபரில் நட்டு இந்த ஜூலையில் பிடுங்கியது. வெங்காயம் ஆகஸ்டில் காயவைத்தது. பரங்கி செப்டம்பரில் அறுத்தது. குளிர்காலக் கேரட்டை ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் விதைத்து, தரை உறைவதற்குள் தோண்டி, குளிர்க் கிடங்கில் அடுக்கிவிடுகிறார்கள். அதனால் நவம்பரில் நாம் வாங்கும் பைக்கான வேலை நல்ல வெயில் காலத்தில் நடந்து முடிந்திருக்கும்.

மீதி கொஞ்சம் பசுமையாகவே வரும். பசலை, கேல், சில சாலட் கீரைகள். இவை பாலித்தீன் கூடாரங்களில் வளர்கின்றன, அநேகமாகச் சூடேற்றாமலே. வெளியே கூடாரம், உள்ளே பாத்திமேல் மெல்லிய துணி, இந்த இரண்டு போர்வையில் பசலை மைனஸ் குளிரையும் தாங்கிவிடுகிறது. ஒரு ஜனவரி காலையில் பண்ணைக்காரம்மா என்னை உள்ளே கூட்டிப்போய்த் துணியைத் தூக்கிக் காட்டினார். பசலை இலைகள் தரையோடு படிந்து, ஓரமெல்லாம் வெள்ளை பூத்து, தொட்டால் கண்ணாடிச் சில்லு போல மொடமொடவென்று இருந்தன. போச்சு என்றுதான் நினைத்தேன். “இப்போது தொடாதே, மதியம் வா” என்றார். வெயில் ஏறியதும் அதே இலைகள் நிமிர்ந்து நின்றன, அப்போதுதான் அறுத்தார்கள். உறைந்திருக்கும்போது அறுத்தால் குழைந்து கறுத்துப்போகும். தப்பிக்கும் வழியாக அந்தச் செடி தன்னில் சர்க்கரையைக் கூட்டிக்கொள்கிறது, அதனால்தான் ஜனவரிப் பசலை அப்படித் தித்திக்கிறது. கேரட்டும் அப்படித்தான்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். நவம்பர் முதல் வாரம் கழிந்ததிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை இங்கே பகல் 10 மணி நேரத்துக்கும் குறைவு. அந்த நாட்களில் கீரை உயிரோடு இருக்கும், ஆனால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். முன்பே வளர்ந்து நிற்பதைத்தான் பகிர்ந்து கொடுக்க முடியும். ஆகவே ஜனவரியில் கீரைப் பை சின்னதாக இருந்தால் குறையாக எண்ண வேண்டாம்.

என்னென்ன வரும்?

கேரட், பீட்ரூட், உருளை, வெங்காயம், பூண்டு, முட்டைக்கோஸ், பரங்கி வகைகள், சர்க்கரைவள்ளி, முள்ளங்கி, டர்னிப், நூக்கல், லீக்ஸ் (வெங்காயத்தாள் போன்ற தடித்த தண்டு), கேல், பசலை. அப்புறம் நமக்குப் பழக்கமில்லாத ரூட்டபேகா, பார்ஸ்னிப், செலரிக் கிழங்கு. சில பண்ணைகளில் ஆப்பிளும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

கத்தரிக்காய், வெண்டைக்காய், பச்சை மிளகாய்?

கிடையாது. கோடையில் கிடைக்கும். வெண்டைக்காயும் கத்தரிக்காயும் வேண்டுமென்றால் ஜூன் பங்கில் சேருங்கள், ஆகஸ்டில் திகட்டத் திகட்டச் சாப்பிடலாம்.

அப்படியானால் நம் சமையலுக்கு என்ன மிச்சம்?

நிறைய. அந்தப் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். ஊரில் ‘இங்கிலீஷ் காய்’ என்று சொல்லித் திவசத்துக்குச் சேர்க்காமல் ஒதுக்கிவைப்போமே, ஊட்டியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் மூட்டையாக வந்து இறங்குமே, அதேதான் பாதி. குளிர் நாட்டுக் காய்கள் மலையேறி நம்மூருக்கு வந்தவை, அவற்றை எப்படித் தாளிப்பது என்று நம் பாட்டிமார் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

பீட்ரூட் பொரியல், கோஸ் பொரியல், முள்ளங்கி சாம்பார் இதெல்லாம் சொல்லவே வேண்டாம். இங்கே வரும் வெள்ளை முள்ளங்கி முழங்கை நீளம் இருக்கும், ஒன்று போதும், இரண்டு நாள் சாம்பாருக்கு ஆகும். நூக்கல் குளிர்கால ரகத்தில் சின்னத் தேங்காய் அளவுக்குக்கூட வரும். பார்த்தால் முற்றலாகத் தெரியும், தோலைத் தடிமனாகச் சீவினால் உள்ளே நார் இருக்காது. பாசிப்பருப்பு, தேங்காய், சீரகம் அரைத்துவிட்டுக் கூட்டு வையுங்கள். பட்டர்நட் என்று சொல்கிற பரங்கி நம்மூர்ப் பரங்கியைவிட இனிப்பு, நீர் குறைவு. புளி கொஞ்சம் தூக்கலாக விட்டுக் குழம்பு வைத்தால் அந்த இனிப்பு சரியாக உட்காரும். பால் கூட்டுக்கு வெல்லமே தேவைப்படாது.

கேல் கீரை முரடு. நடு நரம்பை உருவி எறிந்துவிட்டு, இலையைச் சுருட்டிப் பொடியாக அரிந்து, துவரம்பருப்போடு வேகவிட்டு மிளகாய், பூண்டு தாளியுங்கள். யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி அதைத் தேங்காய்ப்பூ போட்டு வறையாகச் செய்வாள், எங்கள் வீட்டில் இப்போது அதுதான் நிலைத்துவிட்டது. லீக்ஸை என்ன செய்வது என்று தமிழ்நாட்டுக்காரர்கள்தான் கேட்கிறார்கள், நுவரெலியா லீக்ஸ் வாங்கிப் பழகிய இலங்கைக்காரர்கள் பங்கில் அதைப் பார்த்ததும் சந்தோஷப்படுவார்கள். ஒன்றே ஒன்று, அடுக்குக்குள் மண் ஒளிந்திருக்கும். நீளவாக்கில் பிளந்து, விரித்து, ஓடும் தண்ணீரில் கழுவுங்கள்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மார்கழித் திருவாதிரைக்கு ஏழுகறிக் கூட்டு, தைப் பொங்கலுக்குப் பரங்கியும் சர்க்கரைவள்ளியும் போட்ட கூட்டு, இரண்டுமே பங்கு வந்துகொண்டிருக்கும் மாதங்களில் விழுகின்றன. மொச்சையும் வாழைக்காயும் மட்டும் இந்தியக் கடையில் வாங்குகிறேன், மீதி பண்ணையிலிருந்து.

ரூட்டபேகா, பார்ஸ்னிப், செலரிக் கிழங்கு? பெயரே புதிதாக இருக்கிறதே.

ரூட்டபேகா டர்னிப்பின் பெரிய உறவு, உள்ளே மஞ்சள். சதுரமாக நறுக்கி அரை வேக்காடு வேகவைத்து, மிளகும் சோம்பும் பொடித்துப் போட்டு வறுவல் செய்தால் நன்றாக இருக்கும். பார்ஸ்னிப் வெள்ளைக் கேரட் போல, உறைபனி பட்டபின் நல்ல தித்திப்பு. அதற்குக் காரமும் எலுமிச்சையும் வேண்டும். செலரிக் கிழங்கு எங்களுக்குக் கடைசிவரை பழகவில்லை, சூப்புக்கு மட்டும் போடுகிறோம். மாற்றிக்கொள்ளும் பெட்டி வைத்திருக்கும் பண்ணையாக இருந்தால், அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துவரலாம்.

ஒரு தடவைக்கு எவ்வளவு வரும், எவ்வளவு பணம்?

பண்ணைக்குப் பண்ணை மாறும். எங்களுடையது ஆறு தடவை: நவம்பரில் இரண்டு, டிசம்பரில் இரண்டு, ஜனவரியிலும் பிப்ரவரியிலும் ஒவ்வொன்று. போன குளிர்காலம் மொத்தம் 330 டாலர் கட்டினோம். ஒரு தடவைக்கு 20 பவுண்டுக்குக் குறையாமல், அதாவது 9 கிலோவுக்கு மேல் வந்தது. நாலு பேர், தினமும் வீட்டில் சமைக்கிறவர்கள் என்றால் சரியாக இருக்கும். இரண்டு பேர் மட்டும் என்றால் பக்கத்து வீட்டோடு பாதி பாதி எடுங்கள். முதல் வருஷமே முழுப் பங்கு எடுத்து, காயைப் பார்க்கும்போதெல்லாம் கவலைப்படுகிற நிலைக்குப் போக வேண்டாம்.

பணத்தை இரண்டு மூன்று தவணையாக வாங்கிக்கொள்ளும் பண்ணைகள் உண்டு, தயங்காமல் கேளுங்கள். பண்ணையில் சில மணி நேரம் வேலை செய்தால் விலையில் குறைப்பவர்களும் உண்டு. ஸ்நாப் (அரசின் உணவு உதவி) அட்டையில் கட்டவும் சில பண்ணைகளில் வழி இருக்கிறது. அப்படிக் கட்டுபவர்களிடம் 14 நாளுக்கு மேல் முன்கூட்டிப் பணம் வாங்கக் கூடாது என்பது விதி, ஆகவே அவ்வப்போது கட்டினால் போதும்.

இந்தியக் கடையிலோ பெரிய கடையிலோ இதைவிட மலிவாகக் கிடைக்குமே?

சில காய்கள் கிடைக்கும். உருளையும் வெங்காயமும் கடையில் மலிவுதான், அதை மறைக்க மாட்டேன். கேரட்டும் பசலையும் அந்த ருசியில் எந்த விலைக்கும் கடையில் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் நான் வருஷா வருஷம் சேருவதற்குக் காரணம் வேறு. ஆட்களுக்குக் கூலி கொடுத்து அறுவடை முடிக்க வேண்டிய நேரத்தில் அந்தப் பண்ணைக்குப் பணம் தேவை, அப்போது வங்கிக்கு வட்டி கட்டாமல் நம் பணம் அங்கே போய்ச் சேருகிறது. காய் கிடங்குக்கு வருவதற்கு முன்பே இத்தனை வீடுகள் வாங்கிக்கொள்ளும் என்று அவர்களுக்குத் தெரிகிறது. என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம் நெல் போட்டவர். களத்துமேட்டில் வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டு அவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்த மாலைகளை நான் பார்த்திருக்கிறேன்.

விளைச்சல் பொய்த்தால் பணம் திரும்ப வருமா?

வராது. சேருவதற்கு முன் இதை நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பங்கு என்ற சொல்லுக்கே அதுதான் பொருள். நல்ல வருஷத்தில் கூடுதலாக வரும், கெட்ட வருஷத்தில் குறைவாக வரும், இரண்டையும் விவசாயியோடு சேர்ந்து ஏற்கிறீர்கள்.

2023 ஜூலையில் அது எங்களுக்கு நடந்தது. 10, 11 தேதிகளில் வெர்மான்ட்டில் கொட்டிய மழை கனெக்டிகட் ஆற்றில் இறங்கி வந்து, நார்தாம்ப்டன், ஹாட்லி பக்கமெல்லாம் தாழ்வான வயல்களுக்குள் ஏறியது. எங்கள் பண்ணையில் கேரட் பாத்தியும் பரங்கிக் கொடியும் தண்ணீருக்குள். தண்ணீர் வடிந்தபின் பிழைத்து நின்ற காய்கள் இருந்தன, பார்க்க நன்றாகத்தான் இருந்தன. ஆனால் ஆற்று வெள்ளம் பட்ட காயை உணவாக விற்கக் கூடாது, சாக்கடையும் எண்ணெயும் என்னென்னவோ அதில் கலந்து வந்திருக்கும். அத்தனையும் உழுது மண்ணோடு போட்டார்கள்.

அந்த நவம்பரில் பரங்கி கிடையவே கிடையாது, ஜூலை நடுவில் மறுபடி நட்டால் உறைபனிக்குள் அது முற்றாது. கேரட் பாதிதான். ஆகஸ்டில் விதைத்தாலும் அக்டோபரில் எடுத்துவிடலாம் என்பதால் முள்ளங்கியும் டர்னிப்பும் நிறையப் போட்டிருந்தார்கள், அதுதான் வந்தது, வந்துகொண்டே இருந்தது. உறுப்பினர்கள் அநேகமாக யாரும் விலகவில்லை. சிலர் ஜூலையிலேயே மறுவிதைப்புக்குக் கை கொடுக்கப் போனார்கள்.

இந்த நிச்சயமின்மை உங்கள் வீட்டுச் செலவுக்கு ஒத்துவராது என்றால் அதில் தவறில்லை, வாரச் சந்தையில் அதே பண்ணையின் கடையில் அன்றன்றைக்கு வாங்கினாலும் அவர்களுக்கு உதவிதான்.

அபார்ட்மென்டில் இருக்கிறோம். 9 கிலோ காயை எங்கே வைப்பது?

இதுதான் எல்லோரும் தடுமாறும் இடம். எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜுக்குள் திணிக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் வேண்டியது வேறு.

கேரட், பீட்ரூட், முள்ளங்கி, டர்னிப், நூக்கல் இவற்றுக்குக் குளிரும் ஈரமும் வேண்டும், 32 முதல் 35 டிகிரி பாரன்ஹீட் வரை. இலை ஒட்டியிருந்தால் வந்த அன்றே அறுத்துவிடுங்கள், இல்லையென்றால் இலை கிழங்கின் ஈரத்தை உறிஞ்சி வதக்கிவிடும். கழுவாமல், பிளாஸ்டிக் பையில் போட்டு, ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வையுங்கள். கேரட் மாதக்கணக்கில் தாங்கும்.

வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் ஈரமே ஆகாது, காற்றோட்டமான குளிர்ந்த மூலை போதும். உருளைக்கு இருட்டு, ஓரளவு குளிர். ஃப்ரிட்ஜில் வைத்தால் அதன் மாவு சர்க்கரையாகிவிடும், வறுவல் இனித்துக் கறுக்கும். வெளிச்சத்தில் வைத்தால் பச்சையாகும், அதைச் சாப்பிடக் கூடாது. வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் போட வேண்டாம்.

பரங்கியும் சர்க்கரைவள்ளியும் குளிருக்குப் பயந்தவை. 50 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளுக்குள் கெட ஆரம்பிக்கும். முதல் வருஷம் எங்கள் நாலு பட்டர்நட்டைக் கராஜில் வைத்தோம், டிசம்பரில் ஒரு ராத்திரி உறைந்துவிட்டது, காலையில் பார்த்தால் தோல் அப்படியே இருக்க உள்ளே தண்ணீராகிப் போயிருந்தது. வீட்டுக்குள்ளே, ஹீட்டரிலிருந்து தள்ளி, ஒரு கட்டிலுக்கு அடியில் காகிதம் விரித்து வையுங்கள். ஒன்றையொன்று தொடாமல் இருக்கட்டும். வாரம் ஒருமுறை காம்பு பக்கம் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று ஆனதை முதலில் சமையுங்கள்.

ஆப்பிள் வந்தால் கேரட்டுக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். ஆப்பிள் விடும் எத்திலீன் வாயுவால் கேரட் கசந்துவிடும். நாங்கள் ஒரு பை கேரட்டை அப்படி இழந்து, கெட்டுப்போன காயைக் கொடுத்துவிட்டார்களோ என்று பண்ணையில் போய்க் கேட்டபோதுதான் இது தெரிந்தது.

டிசம்பரில் ஊருக்குப் போகிறோமே?

நம்மவர்களில் பாதிப் பேரின் கேள்வி இது. பணம் திரும்பாது, ஆனால் உங்கள் பங்கை நண்பர்கள் யாராவது வாங்கிக்கொள்ளலாம், பண்ணைக்கு முன்கூட்டிப் பெயரைச் சொன்னால் போதும். சில பண்ணைகளில் ஒரு தடவைப் பங்கை அடுத்ததோடு சேர்த்து இரட்டையாகத் தருவார்கள். யாரும் எடுக்காத பங்கைப் பெரும்பாலும் அருகிலுள்ள இலவச உணவு மையத்துக்கு அனுப்பிவிடுவார்கள். நாங்கள் ஊருக்குப் போன வருஷம் இங்கே படிக்கும் நாலு மாணவர்களுக்குக் கொடுத்தோம், அடுத்த வருஷம் அவர்களே ஒரு பங்கு எடுத்துவிட்டார்கள்.

ஆர்கானிக்கா?

சில பண்ணைகள் சான்றிதழ் வாங்கியவை, சில வாங்காமலே அதே முறையில் செய்பவை, சில மருந்து அடிப்பவை. என்ன அடிக்கிறீர்கள், எப்போது அடிக்கிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள். பயிர் செய்கிறவரிடமே கேட்க முடிவது இதில் உள்ள பெரிய வசதி.

எந்தப் பண்ணை, எப்போது சேர வேண்டும்?

மேற்கு மாசசூசெட்ஸ் என்றால் சவுத் டீர்ஃபீல்டில் இருக்கும் ‘சீசா’ (CISA) அமைப்பின் பண்ணைப் பட்டியலில் தேடுங்கள், 1999 முதல் ‘லோக்கல் ஹீரோ’ என்ற பெயரில் உள்ளூர் விளைச்சலை வாங்கச் சொல்லி வேலை செய்பவர்கள். குளிர்காலப் பங்குகள் கோடைப் பங்கைவிடக் குறைவு, ஆகஸ்ட், செப்டம்பரிலேயே இடம் தீர்ந்துவிடலாம். சேருவதற்கு முன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கட்டிக்கொடுத்த பெட்டியா அல்லது நாமே எடுத்துக்கொள்வதா, மொத்தம் எத்தனை தடவை, பனிப்புயல் வந்தால் வாங்கும் நாள் என்ன ஆகும். வீட்டிலிருந்து 20 நிமிஷத்துக்கு மேல் ஓட்ட வேண்டிய பண்ணை என்றால், பிப்ரவரிச் சாலையை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

முதல் நாள் என்ன கொண்டுபோக வேண்டும்?

கெட்டியான மூன்று நாலு பைகள், கையுறை, சேறு பட்டாலும் பரவாயில்லை என்கிற செருப்போ பூட்ஸோ. களஞ்சியத்துக்குள் சூடு இருக்காது. மரப்பெட்டிகள் வரிசையாக இருக்கும், மேலே சாக்கட்டியில் ‘கேரட் 4 பவுண்ட்’, ‘பீட்ரூட் 3’ என்று எழுதியிருக்கும், பக்கத்தில் தராசு. நீங்களே நிறுத்து எடுக்க வேண்டும். காயில் மண் ஒட்டியிருக்கும், அங்கேயே கழுவ வேண்டாம், மண்ணோடு இருந்தால்தான் நாள்பட நிற்கும். பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள், தராசு முள் சரியாக நாலில் நிற்கும்வரை ஒவ்வொரு கேரட்டாக எடுத்துப் போடுவதும் திரும்ப எடுப்பதுமாக அவர்களுக்கு நேரம் போய்விடும். பின்னால் வரிசை நிற்கிறதே என்று அவசரப்படுத்தாதீர்கள், அங்கே யாரும் அவசரப்படுவதில்லை.